வானூர்தி வாயிலில் நின்றுவிட்ட தொடர்வண்டி

பெரம்பலூருக்குத் தொடர்வண்டி இல்லை. அவ்வூரில் பிறந்து வளர்ந்து தலைநரைத்த ஒருவர், தம் ஊரில் ஒருநாளேனும் தொடர்வண்டியின் ஊதலொலியைக் கேட்டிருக்க மாட்டார். கிழக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், அரியலூர் வழியாக, விழுப்புரம் – திருச்சிக் குறுக்குப் பாதை செல்கிறது. பெரம்பலூரை ஒட்டிச் செல்வதோ சென்னை – திருச்சி நெடுஞ்சாலை ஒன்றே. ஆகவே பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் வட்டங்களில் வாழ்வோர் தலைநகருக்குப் போகவேண்டுமாயின், பெரும்பாலும் பேருந்தே அவர்க்குத் துணை. மருத்துவம் நாடிப் போகும் முதியோரும், நேர்காணலுக்குப் போகும் இளைஞரும், கட்டட வேலைக்குப் போகும் உழைப்பாளரும் இரவில் பேருந்தேறி, வைகறையில் சென்னையின் வாயிலில் இறங்குகின்றனர். அவ்வாயில் எங்கே இருக்கிறது, அங்கிருந்து நகருக்குள் செல்ல என்ன வழி வகுக்கப்பட்டிருக்கிறது என்பதையே ஈண்டு நாம் கேட்க விரும்புகிறோம்.

சென்னையில் பெருநகர்த் தொடர்வண்டி ஓடுகிறது. 2009இல் பணி தொடங்கி, 2015 சூன் 29ஆம் நாள் ஆலந்தூர்க்கும் கோயம்பேட்டுக்கும் இடையே முதன்முதல் ஓடி, 2019இல் முதற்கட்டம் நிறைவுற்று, 2021இல் வடக்கே விம்கோ நகர்வரை நீண்டபோது அதன் நீளம் ஏறத்தாழ 54 கிலோமீட்டர். அப்பாதையின் தென்முனை மீனம்பாக்கம் வானூர்தி நிலையம். 2016 செப்தம்பரிலேயே அந்நிலையத்தின் வாயிலுக்கு வண்டி வந்துவிட்டது. நம் பேருந்துகள் சென்று நிற்கும் கிளாம்பாக்கமோ, அங்கிருந்து தெற்கே, அரசே வகுத்த நீட்டிப்புத் திட்டத்தின் கணக்குப்படி, 15.46 கிலோமீட்டர்.

வானூர்தியில் வந்திறங்குவார்க்கு வாயிற்படியிலேயே வண்டி. பேருந்தில் வந்திறங்குவார்க்குப் பதினைந்தரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வண்டி. இவ்விருவருள் மகிழுந்து அமர்த்திக்கொள்ளப் பொருள் உடையவர் யார், அஃது இல்லாதவர் யார் என்று எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை.

குன்னத்து முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரவு பத்து மணிக்குப் பேருந்தேறியவர், வைகறை மூன்று மணியளவில் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார். கையில் மருத்துவச் சீட்டு. மடியில் எண்ணி முடிந்த பணம். அவர் போகவேண்டியது நடுவண் தொடர்வண்டி நிலையத்திற்கு எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கு. மருத்துவமனைக்கு எதிரே பெருநகர்த் தொடர்வண்டி நிலையம் உண்டு, மின்தூக்கி உண்டு, நகரும் படிக்கட்டு உண்டு. அவ்வண்டியை அவர் அடைவது எப்படி? மாநகரப் பேருந்துகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மூட்டையோடும் நோயோடும், ஒரு பேருந்திலிருந்து மறு பேருந்துக்கு மாறி, நெரிசலில் நின்றுகொண்டு முப்பது கிலோமீட்டர் போவதும், ஒரே வண்டியில் அமர்ந்து அண்ணா சாலைக்கு அடியில் மருத்துவமனை வாயிலுக்குப் போவதும் ஒன்றாகுமா? இறுதியில் அவர் தானிக்காரரிடம் பேரம் பேசி, ஊரிலிருந்து வந்த கட்டணத்தைக் காட்டிலும் மிகுதியாகக் கொடுத்து ஏறுவார்.

இந்நிலை ஓர் இரவில் வந்ததன்று. சென்னையின் பேருந்து வாயில் முப்பதாண்டுகளுக்குள் இருமுறை பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. முன்னாளில் வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனைக்கே வந்தன. அங்கிருந்து கடற்கரை நிலையம் நடை தொலைவு. தாம்பரத்திற்கு 1931 முதல் மின்தொடர்வண்டி ஓடும் பாதை அது. நெரிசல் மிகுந்ததென்று 2002இல் வாயிலைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோயினர். நெரிசல் மிகுந்தது உண்மையே. மாற்றியதில் தவறு காணவில்லை. ஆனால் கோயம்பேட்டுக்குத் தொடர்வண்டி வந்தது எப்போது? பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2015இல். அதுவும் ஆலந்தூர்ப் பக்கமாக மட்டுமே. கோயம்பேட்டில் இறங்கியவர் அதே வண்டியில் நடுவண் நிலையம்வரை செல்லும் வாய்ப்புக் கிட்டியது 2018 மேத் திங்களில்தான். அப்பாடா என்று மக்கள் மூச்சுவிட்டனர். அம்மூச்சு ஆறாண்டுகூட நீடிக்கவில்லை. 2023 திசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பெற்றது. 2024 சனவரியில் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே திருப்பப்பட்டன. வாயில் முன்னே ஓடுகிறது. வண்டி பின்னே துரத்துகிறது.

கிளாம்பாக்கத்தில் நடந்தது இன்னும் விந்தை. ஏறத்தாழ 400 கோடி உரூபாச் செலவில், 88 ஏக்கர் பரப்பில் முனையம் எழுந்தது. அதற்கு நேர் எதிரே, சாலையைக் கடந்தால் கூப்பிடு தொலைவில், செங்கற்பட்டு – கடற்கரைத் தொடர்வண்டிப் பாதை கிடக்கிறது. அப்பாதை அம்முனையத்திற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலே மூத்தது. பாதை கண்ணெதிரே கிடக்கிறது, வண்டிகள் கால்மணிக்கும் அரைமணிக்கும் ஓடுகின்றன, முனையம் திறந்தபோது நிலையந்தான் இல்லை. வண்டலூரிலும் ஊரப்பாக்கத்திலும் நிற்கும் வண்டி, பல்லாயிரவர் வந்திறங்கும் கிளாம்பாக்கத்தில் நில்லாது போயிற்று. முனையம் திறந்த பிறகே நிலையத்திற்கான பணி தொடங்கியது. ஓராண்டு கழிந்தும் அது முடியவில்லை. வீட்டைக் கட்டிக் குடிபுகுந்த பிறகு வாயிற்கதவுக்கு மரம் தேடும் வீட்டுக்காரரை நம் ஊர்களில் என்ன சொல்வார்கள் என்பதை இங்கு எழுத வேண்டா.

பெருநகர்த் தொடர்வண்டி வலை வகுப்பதென்பது வரைபடத்தில் வண்ணக் கோடுகள் இழுப்பதோடு முடிந்துவிடும் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். வலையின் வலிமை முடிச்சில் இருக்கிறது. இதைக் கடற்கரையில் வலை பின்னும் எந்த மீனவரும் சொல்வார். எங்கெங்கே மக்கள் ஒரு வண்டியிலிருந்து மறு வண்டிக்கு மாறுவர், அங்கங்கே எத்தனை அடி நடக்க வேண்டும், எத்தனை படி ஏற வேண்டும், மழையில் நனைய வேண்டுமா, இரண்டாம் முறை சீட்டு வாங்க வேண்டுமா என்று கணக்கிட்ட பிறகே கோடு இழுக்கப்பட வேண்டும். இக்கணக்கைச் செய்தவர் சென்னையிலும் இருந்திருக்கின்றனர். ஆலந்தூரில் இரு பாதைகளும் ஒரே கட்டடத்தில் கூடுகின்றன. நடுவண் நிலையத்தில் மீண்டும் கூடுகின்றன. எழும்பூரில், அரியலூரிலிருந்து வைகையிலும் பல்லவனிலும் வருவார், இறங்கியவுடன் நிலத்தடி நிலையத்திற்குப் போய்விடலாம். இவை நன்று. நல்லதை நல்லதென்று சொல்லத் தயங்குவது நம் வழக்கமன்று.

ஆனால் பறக்கும் தொடர்வண்டியைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்திற்கு 1995இல் ஓடத் தொடங்கி, 1997இல் மயிலையையும், 2004இல் திருவான்மியூரையும், 2007 நவம்பரில் வேளச்சேரியையும் அடைந்தது. பக்கிங்காம் கால்வாயின் வழியே தூண் நட்டு, நீரோட்டத்தை நெருக்கி எழுப்பிய பாதை அது. மாளிகை போன்ற நிலையங்கள். உள்ளே ஆளரவமற்ற கூடங்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் போனால், அது செங்கற்பட்டுப் பாதையோடும் பெருநகர்ப் பாதையோடும் ஒரே முடிச்சில் கட்டுண்டிருக்கும். அந்த ஐந்து கிலோமீட்டர், 2007 கடந்து பதினாறு ஆண்டுகள் போன பிறகும், 2023 முடிந்த நாளிலும் முடியாமல் கிடந்தது. முடிச்சிடாத கயிறு எவ்வளவு நீளமாயிருந்தும் மீன் அகப்படாது. இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்குதற்கென ஒரு பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்திற்கு 2010இலேயே சட்டம் இயற்றினர். அக்குழுமம் முறையாக இயங்கத் தொடங்கியதோ பத்தாண்டு கழிந்த பின்னர். அதற்குள் தூண்கள் எழுந்துவிட்டன.

பாதையின் அகலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரியலூர்க்காரர்க்கு இது நன்கு விளங்கும். சென்ற நூற்றாண்டின் இறுதியில் நம் மீட்டர் பாதையைப் பெயர்த்து அகலப் பாதையாக்கிய தொல்லையை நேரில் கண்டவர்கள் அல்லவா? சென்னையின் புறநகர் வண்டிகளும் பறக்கும் தொடர்வண்டியும் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடுகின்றன. பெருநகர்த் தொடர்வண்டியோ 1435 மில்லிமீட்டர்ப் பாதையில் ஓடுகிறது. ஆகவே செங்கற்பட்டிலிருந்து வரும் வண்டி ஒருகாலும் அண்ணா சாலைக்கு அடியில் நுழையாது. அண்ணா சாலை வண்டி ஒருகாலும் செங்கற்பட்டுக்குப் போகாது. 1435க்கும் தக்க சான்றுகள் உண்டு. வளைவுகளில் எளிதாகத் திரும்பும், பெட்டிகளை உலகச் சந்தையில் எளிதாகப் பெறலாம் என்பர். ஆயினும் கொல்கத்தாவில் 1984இலும் தில்லியில் 2002இலும் முதன்முதல் ஓடிய பெருநகர்ப் பாதைகள் அகலப் பாதைகளே என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

சப்பானியர் இதில் செய்தது வியக்கத்தக்கது. தோக்கியோவின் புறநகர்ப் பாதையொன்றை நடத்திய கேய்செய் நிறுவனத்தின் இருப்புப்பாதை 1372 மில்லிமீட்டர் அகலமுடையது. நகருக்குள் புதிதாக அமையவிருந்த நிலத்தடிப் பாதை 1435. புறநகர் வண்டியே நிலத்தடிப் பாதைக்குள் நுழைந்து நகரின் நடுவே செல்ல வேண்டும் என்று முடிவு செய்து, 1959இல் அந்நிறுவனம் தன் பாதை முழுவதையும் பெயர்த்து அகலமாக்கியது. 1960 திசம்பரில் இரண்டும் ஒன்றாக ஓடின. புறநகரிலிருந்து வருபவர் வண்டி மாறாமல் நகருக்குள் போகவேண்டும் என்பதற்காகப் பாதையையே மாற்றினர். நம் நாட்டிலோ பாதையை மாற்ற மனமில்லாதவர், பாட்டியை மூன்று வண்டி மாறச் சொல்கின்றனர். பாதைகள் ஒன்றாக ஓட வழியில்லை என்று ஆகிவிட்ட பிறகு, மாறும் இடமாவது நோயாளிக்கும் மூட்டை சுமப்பவர்க்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். கிளாம்பாக்கத்தில் நாம் கேட்பது இதற்குமேல் ஒன்றுமில்லை.

இனி, கோட்டை வரைபவர் யார் என்று பார்ப்போம். தமிழகத்தின் தலைநகரில் தமிழர் வரியில் தமிழர் ஏறும் வண்டிக்கு ஒப்புதல் தருபவர் தில்லியில் இருக்கின்றனர். கொல்கத்தாவிற்கென 1978இலும் தில்லிக்கென 2002இலும் நடுவண் அரசு இயற்றிய சட்டங்களை, 2009இல் திருத்தி ஏனைய பெருநகரங்களுக்கும் விரித்தனர். விளைவு என்ன? சென்னையின் இரண்டாம் கட்டம் மூன்று பாதைகள்; ஏறத்தாழ 119 கிலோமீட்டர். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பெற்றது. 2021இல் தில்லி வரவு செலவுத் திட்டத்தில் 63,246 கோடி உரூபா என்று முழங்கப்பெற்றது. நடுவண் அமைச்சரவையின் ஒப்புதல் வந்ததோ 2024 அக்தோபர் 3ஆம் நாள். அதுவரை மாநில அரசே கடன் வாங்கிப் பாதை தோண்டியது. மதுரையும் கோவையும் கேட்டன. மக்கள்தொகை இருபது நூறாயிரத்திற்குக் குறைவு என்று 2025 நவம்பரில் திருப்பி அனுப்பினர். அதே அளவுக்குக் குறைந்த மக்கள்தொகையுடைய ஆக்ராவும் போபாலும் பெற்றது எப்படி என்ற கேள்விக்கு நேரான விடை இல்லை. வானூர்தி நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரையிலான 15.46 கிலோமீட்டர்த் திட்டமும் 9,335 கோடி உரூபா மதிப்பில் 2025இல் தில்லிக்குத்தான் சென்றது. குன்னத்து முதியவர் வைகறையில் ஏறவேண்டிய வண்டிக்கு, குன்னம் எத்திசையில் இருக்கிறதென்று அறியாதவர் கையெழுத்திட வேண்டும்.

இதற்காகத் தில்லியை மட்டும் குறைகூறி அமைந்துவிட நாம் அணியமாயில்லை. இரண்டாம் கட்டத்தின் மூன்று பாதைகளையும் வரைந்தவர் சென்னையில் இருந்தவரே. மாதவரம், சிறுசேரி, சோழிங்கநல்லூர், பூந்தமல்லி, கலங்கரை விளக்கம் எல்லாம் அவ்வரைபடத்தில் இடம்பெற்றன. தென்தமிழகம் முழுதும் வந்திறங்கப்போகும் கிளாம்பாக்கம் இடம்பெறவில்லை. கணிப்பொறி அலுவலகங்கள் நிறைந்த சாலைக்கு வண்டி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. முதலில் யார்க்கு என்பதே கேள்வி.

நகருக்குள் வாழும் மக்களை விட்டுவிட்டு வெளியூரார்க்காகப் பாதை போடுவதா என்று சென்னை அன்பர் சிலர் கேட்கக்கூடும். தாம்பரமும் பெருங்களத்தூரும் வண்டலூரும் வழியிலேதான் இருக்கின்றன; அங்கு நாள்தோறும் நெரிசலில் நைபவர் வெளியூரார் அல்லர். வெளியூரார்க்கென்று போடும் பாதையில் பகலெல்லாம் ஏறப்போகிறவர் அவர்களே.

நம்மவருள் சிலர் வேறு வகையில் கேட்கின்றனர். சென்னை ஏற்கெனவே வீங்கிக் கிடக்கிறது. அதற்கு மேலும் மேலும் பணத்தைக் கொட்டும்போது நம் ஊர்க்கு என்ன வந்தது என்பது அவர்தம் கேள்வி. இஃது எளிதில் தள்ளத்தக்கதன்று. கடல் கொண்டு பின் விட்டுச்சென்ற நிலம் நம்முடையது. அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக் கல்லோடு கடல்வாழ் உயிர்களின் கற்படிவங்கள் அகப்படுகின்றன. சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் கிடக்கிறது. அச்சுண்ணாம்புக் கல்லை வெட்டியெடுத்துப் பைஞ்சுதையாக்கும் ஆலைகள் ஆலத்தியூரிலும் தளவாயிலும் இரெட்டிப்பாளையத்திலும் கீழப்பழுவூரிலும் புகைகின்றன. மூட்டைகள் அரியலூரில் சரக்குவண்டி ஏறித் தமிழகமெங்கும் செல்கின்றன. நம் சாலைகளில் சுண்ணாம்புக்கல் சரக்குந்துகளின் புழுதியைக் குடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் ஈருருளியில் போகின்றனர். கல்லுக்கு வண்டி உண்டு. கல்லுடைக்கும் ஊரார்க்கு இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல் செல்லும் பாதையொன்று வேண்டுமென்பது இவ்வட்டாரத்தின் நெடுநாள் வேண்டுகை. அப்பாதை அமைந்தால் பெரம்பலூர்க்காரர் நேரே எழும்பூரில் போய் இறங்குவார். கிளாம்பாக்கத்து வைகறையே அவர்க்கு இராது. ஆகவே இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு முனைகள். நகரின் வலையைச் செங்கற்பட்டோடு அறுத்துக்கொள்பவர், அவ்வலையில் வந்து விழும் மாந்தர் எங்கிருந்து வருகின்றனர் என்பதை நோக்காதவர்.

குறுக்குப் பாதைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு பயணத்தோடு முடிந்ததன்று. 1956 நவம்பர் 23ஆம் நாள் அரியலூரை அடுத்த மருதையாற்றில் தூத்துக்குடி விரைவு வண்டி வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொடர்வண்டி அமைச்சராயிருந்த இலால் பகதூர் சாத்திரி பொறுப்பேற்று விலகினார். அதே பாதையில், 1953 சூலையில், 'டால்மியாபுரம்' என்ற பெயரை அகற்றிக் கல்லக்குடி என்னும் ஊர்ப்பெயரை நிலையத்திற்கு மீட்கவேண்டித் தமிழர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். 1964 சனவரி 25ஆம் நாள் திருச்சித் தொடர்வண்டி நிலையத்தின் முன் தமிழுக்காக உயிர்நீத்த சின்னச்சாமி, நம் கீழப்பழுவூரார். நிலையத்துப் பலகையில் என்ன பெயர் இருக்க வேண்டும் என்பதற்காக இத்தனை விலை கொடுத்த மண்ணின் வழியே, 2023 செப்தம்பரில் 'வந்தே பாரத்' என்னும் பெயர்தாங்கிய வண்டி ஓடத் தொடங்கியது. அரியலூரில் அதற்கு நிறுத்தம் தரவில்லை. பெயரும் நமதன்று, நிற்கவும் இல்லை.

பெருநகர்த் தொடர்வண்டியின் பெயர் பற்றியும் ஒரு சொல். 'மெட்ரோ' என்பது தாய்நகர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் முன்பாதி. இலண்டனில் 1863இல் ஓடிய வண்டிக்கும் பாரிசில் 1900இல் ஓடியதற்கும் அவரவர் மொழியில் இட்ட பெயரின் குறுக்கம் அது. அவர்கள் தம் மொழியில் பெயரிட்டனர். நாம் அவர்தம் குறுக்கத்தைக் கடன் வாங்கினோம். சின்னமலை என்று அழகாகத் தமிழில் எழுதிவிட்டு, அதன் கீழே ஆங்கிலத்தில் 'லிட்டில் மவுண்ட்' என்று எழுதுவானேன்? ஊர்ப்பெயர் எம்மொழியில் எழுதினாலும் ஊர்ப்பெயரே. சிங்கப்பூர்ப் பெருநகர் வண்டியில் நான்கு மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் ஒலிப்பதைக் கேட்டு மகிழ்ந்து வருபவர், சென்னையில் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்து வரும் ஊரவைக் கூட்டத்தில், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உள்ள நம் அன்பர்கள் தத்தம் ஊராட்சியில் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். கிளாம்பாக்கம் வரையிலான பெருநகர்ப் பாதையை ஏனைய நீட்டிப்புகளுக்கு முன்னதாக எடுக்கவேண்டும். அதன் நிலையம் பேருந்து மேடையிலிருந்து நனையாமல் நடந்து சேரும் தொலைவில் அமையவேண்டும். முதல் வண்டி விடியும்வரை காத்திராமல், இரவுப் பேருந்துகள் வந்து சேரும் நேரத்திற்கு இசையப் புறப்படவேண்டும். அரியலூர் – பெரம்பலூர் – துறையூர் – நாமக்கல் பாதைக்குப் பணம் ஒதுக்கவேண்டும். இந்நான்கையும் தமிழில் எழுதி, ஊராரின் கையெழுத்துப் பெற்று, மாவட்ட ஆட்சியர்க்கும் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் விடுக்க. படியொன்றை நமக்கும் அனுப்புக. எந்தெந்த ஊராட்சிகள் எழுதின என்பதை இவ்விதழிலேயே ஊர்ப்பெயரோடு வெளியிடுவோம்.